பதினான்காம் இடத்துப் பாலம்

கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைமாட்டில், சுவர்க் கணப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழுத் தலைவர் லோவெல் ஃபிரிஸ்க். அவருக்கு இடப்பக்கம் நகரப் பொறியாளர் கீத் டன்லேவி, முழங்கைக்கு அடியில் சுருட்டிய வரைபடங்களோடு. வலப்பக்கம் ஜன்னலோரமாக மன்ற உறுப்பினர் ஜெனட் பாப். அவர் சுட்டுக் கொண்டுவந்திருந்த எலுமிச்சை இனிப்புத் தட்டு அவருக்கும் கீத்துக்கும் நடுவில். கால்மாட்டில், திரைக்குப் பக்கத்தில், ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்திருந்த ப்ரைஸ் டேனஹில். சுவரோரம் பொதுமக்களுக்கென்று போட்ட நாற்காலிகள் ஆறு. ஆறும் காலி.

இந்தக் கூட்டக் குறிப்பை எழுதியவள் ஆர்டிஸ் லோக்கன். கதவோரத்து நாற்காலியில், மடிமேல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹால்வர் நகராட்சியின் கூட்டங்களுக்கு இருபத்திரண்டு வருடமாகக் குறிப்பெழுதுகிறாள். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதச் சொல்லி யாரும் அவளைக் கேட்டதில்லை, எழுதிப் பழகிவிட்டாள். இருந்தவர்கள் பட்டியலில் ஒரு தடவைகூடத் தன் பெயரை எழுதியதில்லை. எழுதுகிறவளுக்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு எழுத்து, ஆ. லோ., அவ்வளவுதான்.

மார்ச் பதினொன்று, செவ்வாய், பிற்பகல் இரண்டு மணி. வெளியே பனி அழுக்காகிக் கரைந்துகொண்டிருந்தது.

கூட்டம் தொடங்குமுன் ப்ரைஸ் காபிக் குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்களுக்கு?" என்று கேட்டான். நல்ல பையன்தான், தெற்கே எங்கோ வெயில் நாட்டுக்காரன். "வேண்டாம்ப்பா" என்றாள் ஆர்டிஸ். அவன் தலையாட்டிவிட்டுக் குடுவையை வைத்துவிட்டான். அவளுக்குக் காபி வேண்டும். ஹால்வரில் எது கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், இரண்டாம் தடவை உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள், மூன்றாம் தடவைதான் வாயிலிருந்து நிஜம் வரும். கேட்கிறவருக்கும் அது தெரியும் என்பதால் மூன்று தடவை கேட்பார். ப்ரைஸுக்கு அது எப்படித் தெரியும்?

வேலை இதுதான். அடுத்த ஐந்து வருடத்தில் ஊருக்கு எதை முதலில் கட்டுவது, எதைப் பிறகு பழுதுபார்ப்பது என்று வரிசைப்படுத்த வேண்டும். துறைகள் கேட்டவை முப்பத்தொரு வேலைகள்: சாக்கடைக் குழாய், தீயணைப்பு நிலையத்தின் கதவு, நீச்சல்குளக் கூரை, பள்ளிக்கூடத் தெரு நடைபாதை, இப்படி. இருக்கிற பணம் ஒன்பதுக்குத்தான் போதும். முன்பெல்லாம் லோவெலும் கீத்தும் காபி குடித்துக்கொண்டே பென்சிலால் வரிசை போடுவார்கள். தெரிந்தவர் தெருவுக்கே கிடைக்கிறது என்று ஊரில் பேச்சு எழுந்ததால் இந்த வருடம் மதிப்பெண் முறை. கட்டுமானத்தின் நிலை, ஆபத்து, பயன்படுத்துகிறவர்களின் எண்ணிக்கை, மக்கள் கருத்து என்று நான்கு தலைப்பு, தலைப்புக்கு இருபத்தைந்து. திரையில் ஒன்பதாம் வரிக்குக் கீழே ப்ரைஸ் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தான்.

அக்கரைப் பாலம் பதினான்காவது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பதினொரு வீட்டுக்குத்தான் ஊரில் அக்கரை என்று பெயர். ஆர்டிஸின் வீடு அதில் ஏழாவது.

"கோட்டுக்குக் கீழ இருக்கறதெல்லாம் சும்மா காத்திருக்கும், அப்படித்தானே?" என்றார் லோவெல்.

"மத்ததெல்லாம் காத்திருக்கும்," என்றார் கீத். "பாலம் காத்திருக்காது. அடியில இரும்பு அப்பளம் மாதிரி உதிருது. பட்டியல்ல இல்லாத பாலத்துக்கு இன்னொரு வருஷம் தாங்கும்னு நான் கையெழுத்துப் போட முடியாது. அக்டோபர்ல தடுப்பு வச்சு மூடிட வேண்டியதுதான். அப்புறம் அக்கரைக்குப் போகணும்னா சரளை ரோட்டைச் சுத்தி ஒம்பது மைலு."

"நிலையில இருபத்திமூணு வாங்கியிருக்கே, அப்புறம் ஏன் கீழ கிடக்கு?" என்றார் ஜெனட்.

ப்ரைஸ் உற்சாகமாகத் திரையைத் தொட்டான். "பயன்படுத்தறவங்க கம்மி. அதுகூடப் பெரிய விஷயமில்ல. மக்கள் கருத்துலதான் அடி வாங்குது. இருபத்தஞ்சுக்கு ரெண்டு. அதுல இருபது வாங்கியிருந்தா எட்டாவது இடத்துக்கு வந்திருக்கும். ஆனா அங்க இருக்கறவங்களுக்கே குறை இல்லையே! கருத்துக் கேட்டு இருபத்திரெண்டு படிவம் அனுப்பினோம், பதினெட்டு திரும்பி வந்துச்சு. பதினேழு பேரு 'மோசமில்லை'ன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தர் மட்டும் 'இதைவிட மோசமாவும் இருந்திருக்கலாம்'னு."

லோவெல் இருமினார். கீத் ஒரு வரைபடத்தைப் பிரித்து மறுபடி சுருட்டினார். ஜெனட் ஜன்னல் வழியே பனியைப் பார்த்தார்.

மூன்று பேருக்கும் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் சூறைக்காற்றில் ஜெனட்டின் மாமனார் வீட்டுக் கூரை பறந்து பக்கத்து வயலில் போய் விழுந்தது. வாசலில் நின்றவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அவர் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "மோசமில்லை" என்றார். ஹால்வரில் அதற்கு மேல் ஒரு புகார் கிடையாது. "இதைவிட மோசமாவும் இருந்திருக்கலாம்" என்று எழுதிய அந்த ஒருவர் கிட்டத்தட்டக் கதறியிருக்கிறார். ஆனால் ஊருக்குப் புதிதாக வந்தவன் ராத்திரி பகலாக உட்கார்ந்து போட்ட அட்டவணையை முகத்துக்கு நேராகத் தப்பு என்று யார் சொல்வது? அது மரியாதையில்லை.

லோவெல் ஒரு வழி கண்டுபிடித்தார். "நம்ம ஆர்டிஸ் அக்கரைக்காரிதானே, அவளையே கேட்டுட்டா ஆச்சு. ஏம்மா, பாலம் எப்படி இருக்கு?"

பேனா நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் கூட்டத்துக்கு நடுவில் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படி என்பதைத் தவிர. நான்கு முகங்களும் கதவுப் பக்கம் திரும்பியிருந்தன. சொல்வதற்கு இருந்தது நிறைய. எது முதலில் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. வந்தது இதுதான்:

"மோசமில்லை."

லோவெல் இரண்டாம் தடவை கேட்க வாயைத் திறந்தார். அவள் அதைப் பார்த்தாள். அதற்குள் ப்ரைஸ் மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டி, "பாத்தீங்களா! பதினெட்டு ஆச்சு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் அறை இளகியது. இளகிய அறையில் அதற்கு மேல் யாரும் எதையும் கிளறவில்லை.

"சரி, வரைவுப் பட்டியல் இதுதான்," என்றார் லோவெல். "அடுத்த வெள்ளி, இருபத்தொண்ணாம் தேதி வரைக்கும் மக்கள் எழுதி அனுப்பலாம். கையெழுத்தும் விலாசமும் போட்டுக் கடுதாசி வந்தா, அதைக் கூட்டத்துல வாசிச்சுக் கருத்து மார்க்கைத் திருப்பிப் போடணும். வாசிக்கறது ஆர்டிஸ் வேலை. போன தடவை உனக்கு வேலையே வைக்கல, இல்ல?"

"ஒரு கடிதம்கூட வரல," என்றாள்.

தட்டில் கடைசி இனிப்பு ஒன்று கிடந்தது. கீத் அதில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டார். மிச்சத்தில் பாதியை ஜெனட். அதிலும் பாதியை லோவெல். கட்டைவிரல் நகமளவு ஒரு துண்டு மிஞ்சியது. கடைசித் துண்டை எடுக்கிற ஆள் ஹால்வரில் பிறக்கவில்லை. "யாருக்கும் வேண்டாமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு ப்ரைஸ் அதை வாயில் போட்டுக்கொண்டான்.

ஆர்டிஸ் குறிப்பில் எழுதினாள்: தலைவர் கேட்டதற்கு, அக்கரைவாசி ஒருவர் பாலம் மோசமில்லை என்று தெரிவித்தார். பெயர் எழுதவில்லை. பெயர் எழுதாததனால் அது வேறு யாரோ ஆகிவிடவில்லை.

*

ஐந்து மணிக்கு அவள் காரை ஆற்றுக்கு இப்புறத்தில் நிறுத்தினாள். தபால் பெட்டிகள் பதினொன்றும் இப்போது இந்தப் பக்கத்தில்தான், ஒரே பலகையில் வரிசையாக. எடை வரம்பு மூன்று டன் என்று பலகை வைத்த பிறகு பள்ளிப் பேருந்து போவதில்லை, குப்பை வண்டி போவதில்லை. தபால்காரர் போகலாம். ஆனால் ஒரு நாள் பாலத்தின் நடுவில் அவர் வண்டிக்கு அடியில் இரும்புத் தகடு ஒன்று எழும்பி விழுந்தது. அடுத்த வாரமே பெட்டிகள் இடம் மாறின. அக்கரைக்காரர்களோ, நடப்பது உடம்புக்கு நல்லதுதானே என்றார்கள்.

ஆம்புலன்ஸும் போவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரியில், காலை உணவு மேசையில், அவள் கணவன் கேலன் உள்ளங்கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எப்படி இருக்கு என்று கேட்டாள். "மோசமில்லை." நிஜமாவா என்று கேட்டாள். "மோசமில்லைன்னு சொன்னேனே." அவள் எழுந்து அடுப்பு மேடைக்குப் போய் அவன் கிண்ணத்தில் காபி ஊற்றினாள். திரும்பியபோது கேட்பதற்கு ஆள் இல்லை. சரளை ரோட்டைச் சுற்றிக்கொண்டு பனியில் வண்டி வந்து சேர முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. சீக்கிரம் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் மருத்துவர். அவள் அதை நம்பினாள். நம்பிவிட்டு ஒரு "ஆனால்" போட்டாள். அந்த ஆனாலுக்குப் பிறகு எதையும் இன்றுவரை எழுதியதில்லை.

பெட்டிகளுக்குப் பக்கத்தில் மூன்றாம் வீட்டு ஓரின் டால் நின்றிருந்தார். எண்பத்தொரு வயது. மூக்கின் கீழ் பிராணவாயுக் குழாய்; அதன் சிலிண்டர் சின்னச் சக்கரவண்டியில் அவரோடு வந்திருந்தது. அவர் பெட்டியில் எப்போதும் இருப்பது மளிகைக்கடை விளம்பரம்தான். அதைப் படிக்கத்தான் தினமும் வருகிறேன் என்பார்.

"என்னம்மா ஆர்டிஸ், ஊருக்கு என்னென்ன கட்டப்போறாங்க?"

"நீச்சல்குளத்துக்குக் கூரை."

"நல்லது. நனையாம நீந்தலாம்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "படிவத்துல என்ன எழுதினீங்க, ஓரின்?"

"எந்தப் படிவம்? ஓ, அதுவா. மோசமில்லைன்னு போட்டேன். நீ என்ன போட்டே?"

"நானும் அதேதான்."

"அப்புறம் என்ன கேள்வி?"

"பாலத்தால உங்களுக்கு ஏதாவது கஷ்டம் உண்டா?"

"இல்லையே."

"கொஞ்சம்கூட?"

"என்னத்தைக் கஷ்டம்? நமக்கு மேல கஷ்டப்படறவன் எத்தனையோ பேரு." அவர் விளம்பரத் தாளைப் புரட்டினார். "கோழி விலை ஏறிப்போச்சு பாத்தியா."

ஆர்டிஸ் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். இரும்பு ஜில்லென்று இருந்தது. மூன்றாம் தடவையாக, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "ஓரின். பாலத்தால கஷ்டமா?"

கிழவர் தாளை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

"சிலிண்டர் வண்டி அக்கரைக்கு வராதும்மா," என்றார். "கனம் அதிகமாம். இந்தப் பெட்டிகிட்ட ஆறு ஆறா இறக்கி வச்சுட்டுப் போயிடறான். பனிக்காலத்துல பிள்ளைங்க விளையாடற சறுக்குப் பலகையில வச்சு இழுத்துட்டுப் போறேன். ஒரு தடவைக்கு ரெண்டு. நடுப்பாலத்துல நின்னு நின்னு போவேன். யாராவது பாத்தா ஆத்தை வேடிக்கை பாக்கற மாதிரி நிப்பேன்."

அவர் அப்படி நிற்பதை ஆர்டிஸ் பலதடவை சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். ஓரினுக்கு ஆறு என்றால் எவ்வளவு ஆசை என்று நினைத்திருக்கிறாள்.

"பாலத்தை மூடிட்டா மக டுலூத் நகரத்துக்கே வந்துடுங்கறா. அவ வீடு ரெண்டு மாடி. எனக்குக் கீழ ரூமாம்." குழாயைச் சரிசெய்துகொண்டார். "ஏன் கேக்கறே?"

"கடிதம் எழுதலாம் ஓரின். நீங்க எழுதினா கூட்டத்துல நான் வாசிப்பேன்."

"சேச்சே. நான் எழுதினா அழுவற மாதிரி இருக்கும். நீ எழுது."

"உங்க சிலிண்டரைப் பத்தி எழுதட்டா?"

"வேண்டாம்மா."

"எழுதட்டா?"

"அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், எதுக்கு..."

"எழுதட்டா, ஓரின்?"

அவர் சக்கரவண்டியின் கைப்பிடியைப் பிடித்துப் பாலத்தின் பக்கம் திருப்பினார். "எழுத்துப்பிழை இல்லாம எழுது," என்றார். "டால்ல ரெண்டு எழுத்துதான். அதையும் தப்பா எழுதறானுங்க."

காரில் ஏறச் சொன்னாள். வேண்டாம், நடக்கிறேன் என்றார். அவள் மூன்று தடவை சொன்னாள். ஏறிக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்வரை கோழி விலையைப் பற்றியே பேசினார்.

*

சனிக்கிழமை காலை, பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, ஆர்டிஸ் மேசையில் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலி காலி. அதன் மேல் அவள் எதையும் வைப்பதில்லை, பையைக்கூட. கோடு போட்ட தாள், நீல மை, இடது மூலையில் விலாசம், வலது மூலையில் தேதி. எட்டாம் வகுப்பில் மிசஸ் அமுண்ட்சன் கற்றுக்கொடுத்த முறை: யாருக்கு, எதைப் பற்றி, என்ன வேண்டும், நன்றி.

முதல் தாளில் எழுதினாள்: உங்களைத் தொந்தரவு செய்ய எனக்கு விருப்பமில்லை. அக்கரைப் பாலம் மொத்தத்தில் பரவாயில்லை என்றாலும், சில சமயம்...

படித்துப் பார்த்தாள். ப்ரைஸ் இதற்கு எத்தனை போடுவான்? இரண்டு. தாளை மடித்து அடுப்புப் பக்கம் வைத்தாள்.

இரண்டாம் தாளில் தபால் பெட்டி, பள்ளிப் பேருந்து, குப்பை வண்டி, தேதி தேதியாக எல்லாம் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. கூட்டக் குறிப்பு மாதிரியே இருந்தது. அதில் ஆட்களே இல்லை.

அவளுக்குத் தன்னைத் தானே மூன்றாம் தடவை கேட்டுக்கொள்வது எப்படி என்று தெரியவில்லை. தனியாக இருக்கிறவர்களுக்கு அது ஒரு சங்கடம். முதல் தடவையிலேயே கேள்வி நின்றுபோய்விடுகிறது. எதிர் நாற்காலியைப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் காபி ஊற்றிக்கொண்டு வந்தாள். பிறகு சத்தமாக, காலி வீட்டில், "ஆர்டிஸ், பாலம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். குரல் லோவெலின் குரல் மாதிரியும் இல்லை, அவள் குரல் மாதிரியும் இல்லை.

மூன்றாம் தாளில் எழுதினாள்:

"பதினொன்றாம் தேதிக் கூட்டத்தில், பாலம் மோசமில்லை என்று சொன்ன அக்கரைவாசி நான்தான். அது உண்மையல்ல. பாலம் மோசம். மூன்றாம் எண் வீட்டு ஓரின் டால், வயது எண்பத்தொன்று, தான் மூச்சு விடுவதற்கான சிலிண்டர்களைச் சறுக்குப் பலகையில் கட்டிப் பாலத்தின் மேல் இழுத்துப் போகிறார். சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரியில் என் கணவர் கேலன் லோக்கனுக்காக அழைத்த ஆம்புலன்ஸ் பாலத்தின் மேல் வர முடியாமல் ஒன்பது மைல் சுற்றி வந்தது. சீக்கிரம் வந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் அந்த முப்பத்தைந்து நிமிடமும் நான் அவரோடு தனியாக இருந்தேன்."

பேனாவை வைத்தாள். அந்த ஆனாலுக்குப் பிறகு வரவேண்டியது இவ்வளவுதானா என்று இருந்தது. மை காய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைசிப் பத்தி:

"திரும்பி வந்த பதினெட்டுப் படிவங்களில் இருப்பது எங்கள் ஊர் மரியாதை. அதைத் திருப்தி என்று கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களிடம் இன்னும் இரண்டு தடவை கேளுங்கள். நன்றி."

ஆ. லோ. என்று போடக் கை தானாகப் போயிற்று. நிறுத்தி, ஆர்டிஸ் மே லோக்கன் என்று முழுதாகக் கையெழுத்திட்டாள். எண் ஏழு, அக்கரைச் சாலை.

திங்கட்கிழமை இதைக் கொண்டுபோய்த் தன் மேசைமேலேயே வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் கையில் கொண்டுவந்து கொடுக்கிற கடிதம் செல்லாது, தபால் முத்திரை இருக்க வேண்டும் என்று பல வருடத்துக்கு முன் விதி எழுதி வைத்தவளே அவள்தான். ஆக, தபாலில் போகும். செவ்வாய்க்கிழமை அவள் மேசைக்கே திரும்பி வரும். அவளே பிரிப்பாள், தேதி முத்திரை குத்துவாள், கோப்பில் வைப்பாள். அடுத்த கூட்டத்தில் கதவோரத்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, நான்கு பேருக்கும் ஆறு காலி நாற்காலிகளுக்கும் முன்னால், இதை உரக்க வாசிப்பாள். 'நான்தான்' என்ற இடத்தில் குரல் உடையாமல் இருக்க வேண்டும். அதன்பின் எட்டாவது இடமோ, பதினான்கோ, அக்டோபரில் தடுப்போ. அது அவர்கள் கணக்கு.

தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்தாள். ஒட்டு மேல் நாக்கை ஓட்டி, விளிம்பை ஓரம் முதல் ஓரம் வரை விரலால் இரண்டு முறை அழுத்தினாள். தபால்தலை ஒட்டினாள். கேலனின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

காரை எடுக்கவில்லை. பாலத்தின் நடுவில் இரும்புத் தகடு காலடியில் எழும்பி விழுந்தது. ஓரின் நிற்கிற இடத்தில் அவளும் கொஞ்சம் நின்றாள். பனிக்கட்டி உடைந்து, ஆறு கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க அதில் ஒன்றுமில்லை.

தபால்காரர் பத்தரைக்கு வருவார். மணி பத்தேகால். ஏழாம் எண் பெட்டியைத் திறந்து, உறையை விலாசம் மேலே தெரியும்படி வைத்து மூடினாள். பெட்டியின் பக்கவாட்டில், எடுத்துப்போகக் கடிதம் இருக்கிறது என்று காட்டுகிற சின்னச் சிவப்புக் கொடி துருப்பிடித்துக் கிடந்தது. அந்தப் பலகையில் பதினொரு கொடியும் வெகுகாலமாகப் படுத்தே இருந்தன. அவளுடையது முதல் இழுப்புக்கு அசையவில்லை. இரண்டாம் இழுப்புக்குக் கிறீச்சிட்டது. மூன்றாம் இழுப்புக்கு எழுந்து நின்றது.